பக்கத்து ஸ்டேஷன்

சென்ற மாத இணையவழிக் கூட்டத்தில் நான் பேசியதைக் கட்டுரையாக எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். அன்று நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும், கேள்வி நேரத்தில் சரியாகப் பதில் சொல்லாத இரண்டு விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் இறையியல் படித்தவளில்லை. நர்சிங் டிப்ளமா படித்துவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாக வார்டுகளில் வேலை பார்க்கிறவள். இறையியல் எனக்கு நோயாளிகளின் படுக்கைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் ரயிலில் ஏறியிருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். நம்மாழ்வார் பிறந்த ஊர், கிறிஸ்தவர்களின் ஊர், முஸ்லிம்களின் ஊர், கடைசியில் முருகனின் ஊர் என்று ஒரே தண்டவாளத்தில் வரிசையாக வரும். நான் நாசரேத்தில் வளர்ந்தவள். ஆழ்வார்திருநகரி எங்களுக்கு முந்தைய ஸ்டேஷன். அங்கே ஒருநாளும் நான் இறங்கியதில்லை. அங்கே பிறந்தவர் 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியைப் பாடினார் என்பது பள்ளிப் பரீட்சைக்குப் படித்த தகவலாக மட்டும் என்னிடம் இருந்தது. அவர் என்ன பாடினார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

கேட்கவைத்தவர் இங்கிலாந்தில் என் வார்டில் இருந்த ஒரு பெரியவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் தமிழ் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். ஒரு இரவுப் பணியில், இரண்டு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோது கேட்டார்: "ஏம்மா, கை போயிடுத்து. திருமண் இட்டுக்க முடியல. அடுத்த தடவை வந்தா மூளையும் போயிடும்னு டாக்டர் சொல்றார். பெருமாளை நினைக்கக்கூட முடியாம போயிட்டா என் கதி என்ன?"

என் வாயில் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, நான் வளர்ந்த சபை கற்றுக்கொடுத்தது: இயேசுவை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அங்கே சொல்லக்கூடாது. தன் சொந்த மத நம்பிக்கையைப் பொருத்தமற்ற விதத்தில் வெளிப்படுத்தக்கூடாது என்று இங்குள்ள செவிலியருக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும், அசைய முடியாத மனிதரின் பயத்தை அதற்குப் பயன்படுத்துவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, வெளிநாட்டு வாழ்க்கை கற்றுக்கொடுத்தது: எல்லாச் சாமியும் ஒன்றுதான் சார், கவலைப்படாதீங்க. அதைத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆறுதல் அடைந்ததால் மூடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் குறிப்பாக ஒன்றைக் கேட்டார். நான் அந்தக் கேள்வியையே துடைத்துவிட்டேன்.

மறுநாள் இரவு அவரே பதிலைச் சொன்னார். ஆசாரியர்கள் வராக சரம சுலோகம் என்று சொல்லும் இரண்டு சுலோகங்களின் பொருள் அது. பூமிப்பிராட்டியிடம் வராகப் பெருமாள் சொல்கிறார்: மனம் நிலையாக இருக்கும்போது, உடல் நலமாக இருக்கும்போது, தாதுக்கள் சமநிலையில் இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும். பிறகு அவன் சாகும் தறுவாயில் கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன். நானே அவனை உயர்ந்த கதிக்குக் கூட்டிப்போகிறேன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க வேதத்துல இதுக்கு என்ன சொல்லியிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதாகமப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான்.

அந்தக் கேள்வி எனக்கு வலித்ததற்கு வேறு காரணமும் உண்டு. என் ஆச்சிக்குக் கடைசி இரண்டு வருடம் மறதி நோய் இருந்தது. பிள்ளைகளின் பெயர் போனது, பிறகு பாட்டுகள் போயின, பிறகு பரமண்டல ஜெபமும் போனது. ஜெபிக்க வந்த ஒருவர் குனிந்து, "இயேசுவை ஞாபகம் இருக்கா ஆச்சி?" என்று கேட்டார். ஆச்சி, "யாரு? எந்த ஊருக்காரரு?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விசுவாசம் என்பது மனதால் நம்பி வாயால் அறிக்கையிடுவது என்றால், மனமும் வாயும் போன பிறகு ஆச்சியின் இரட்சிப்பு என்னவாகும்? அம்மா இதை யாரிடமும் கேட்கவில்லை. மறதி நோயில் மூளைக்கு என்ன ஆகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவின் கேள்விக்கு மருந்து எந்தப் பாடத்திலும் இல்லை.

பெரியவரின் கேள்வியும் அம்மாவின் கேள்வியும் ஒன்றே என்று எனக்குப் புரிய நாளானது. ஒரு மதத்தவர் தன் கேள்வியை எடுத்துக்கொண்டு இன்னொரு மதத்தின் நூலுக்குள் போய்ப் படித்து, திரும்பி வந்து தன் நூலைப் படிப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. கம்பேரடிவ் தியாலஜி என்கிறார்கள். தமிழில் ஒப்பீட்டு இறையியல்.

பெயரைக் கேட்டதும் இரண்டு மதங்களை எதிரெதிரே வைத்து மதிப்பெண் போடுவது என்று தோன்றும். மதங்களை வெளியே நின்று ஆராயும் துறை வேறு. அதில் ஆய்வாளரின் சொந்த நம்பிக்கைக்கு வேலையில்லை. மற்ற மதத்தவர்களுக்கு மீட்பு உண்டா இல்லையா என்ற விவாதமும் வேறு. எங்களுக்கு மட்டும்தான் மீட்பு, எங்கள் வழியாக மற்றவர்களுக்கும் மீட்பு, எல்லா வழிகளிலும் மீட்பு என்ற மூன்று கட்சிகளாக அதைப் பிரித்து 1983இல் ஆலன் ரேஸ் எழுதினார். இன்றும் பலர் அந்த மூன்று பெட்டிகளை வைத்தே பேசுகிறார்கள். மற்றவரின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதில் சிக்கல். என்னுடைய "எல்லாச் சாமியும் ஒன்றுதான்" அப்படி வந்ததுதான்.

ஒப்பீட்டு இறையியல் படிப்பிலிருந்து தொடங்குகிறது. இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவர் பிரான்சிஸ் குளூனி. அமெரிக்கர், இயேசு சபைத் துறவி, 1950இல் புரூக்ளினில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் காத்மாண்டுவில் ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். தன் மாணவர்களின் மரபைத் தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தது அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. சமஸ்கிருதமும் தமிழும் கற்று, சென்னையில் தங்கித் திருவாய்மொழியை வைணவ உரைகளோடு படித்தார். 1996இல் அதைப் பற்றிய 'சீயிங் த்ரூ டெக்ஸ்ட்ஸ்' வெளிவந்தது. 2005இலிருந்து ஹார்வர்டில் கற்பித்தார். வேதாந்த தேசிகரையும் புனிதர் பிரான்சிஸ் டி சேல்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடவுளிடம் சரணடைவது பற்றி 2008இல் ஒரு நூல் எழுதினார். என் பக்கத்து ஸ்டேஷனில் நான் இறங்காமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், புரூக்ளின்காரர் ஒருவர் அங்கே இறங்கியிருக்கிறார்.

அவருடைய நூல்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை எளிமையானது. முதலில், சிறிய பகுதியாக எடுக்கவேண்டும். 'இந்து மதம்', 'கிறிஸ்தவம்' என்று ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒரு பதிகம், ஒரு சுலோகம், ஒரு உவமைக்கதை என்று எடுக்கவேண்டும். இரண்டாவது, அந்த நூலை அந்த மரபின் உரைகாரர்களோடு சேர்த்துப் படிக்கவேண்டும். திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி தொடங்கி ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை ஐந்து பேருரைகள் இருக்கின்றன. அவர்கள் சொல்வதைக் கேட்காமல் நானே பொருள் சொன்னால், பாசுரத்தில் என் முகத்தைத்தான் பார்ப்பேன். மூன்றாவது, விசுவாசியாகவே படிக்கவேண்டும். நான் யாருமில்லை என்று பாவனை செய்யக்கூடாது. விசுவாசம் புரிதலைத் தேடுவதே இறையியல் என்பது பதினோராம் நூற்றாண்டிலிருந்தே, ஆன்செல்ம் காலத்திலிருந்தே, சொல்லப்படுவது. அந்தத் தேடல் வீட்டு வாசலோடு நிற்கவேண்டியதில்லை. நான்காவது, திரும்பி வரவேண்டும். படித்தது உன் சொந்த வேதத்தைப் படிக்கும் விதத்தில் எதையாவது மாற்றியதா என்று பார்க்கவேண்டும்.

அந்தச் சுலோகத்தை இப்படிப் படித்தபோது என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. மணிப்பிரவாள உரைநடை பாதி புரியாது. எங்கள் ஊர்த் தமிழ் வாசகர் வட்டத்தில் இருக்கும் ஒரு வைணவத் தோழி ஞாயிறு மாலைகளில் என்னோடு உட்கார்ந்து படிக்கிறாள்.

சுலோகத்துக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. கடைசி நேரத்தில் எதை நினைத்துக்கொண்டு உடலை விடுகிறோமோ அதையே அடைவோம் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. அப்படியானால் கடைசி நேரத்தில் நினைவில்லாதவன் என்ன செய்வான்? பெரியாழ்வாருக்கே இந்தப் பயம் இருந்தது. எமன் வந்து பிடிக்கும்போது உன்னை நினைக்க முடியாமல் போகலாம், அதனால் இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன் என்று திருவரங்கத்துப் பெருமாளிடம் பாடியிருக்கிறார். வராகப் பெருமாளின் வாக்கு அந்தப் பயத்துக்கு நேரான பதில். நினைக்கவேண்டிய பொறுப்பு கைமாறுகிறது. மனிதனால் முடியாத நேரத்தில் நினைப்பவன் கடவுள்.

இந்த இடத்தில் வைணவர்களுக்குள்ளேயே ஒரு பெரிய விவாதம் இருக்கிறது. மனிதன் செய்யவேண்டியது எவ்வளவு? குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது. வடகலையார் குரங்கு, தென்கலையார் பூனை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உரைகளோடு படித்தால் அந்தச் சுருக்கம் போதாது என்று தெரிகிறது. வடகலைக்கு முக்கிய ஆசாரியரான வேதாந்த தேசிகரும் காப்பாற்றுபவன் பெருமாளே என்றுதான் சொல்கிறார். சரணாகதி அவன் அருளுக்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, ஆனால் அந்தச் சாக்கு வேண்டும் என்கிறார். தென்கலைக்கு முக்கியமான ஸ்ரீவசன பூஷணத்தை எழுதிய பிள்ளை லோகாசாரியரோ, சரணாகதியைக்கூட என் முயற்சி என்று நினைத்துவிடாதே என்கிறார். அந்த நூலுக்கு உரை எழுதிய மணவாள மாமுனிகள் பிறந்ததும் ஆழ்வார்திருநகரியில்தான்.

நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாங்கள் முதலில் பார்ப்பது, அவர் எவ்வளவு உதவுவார் என்பதைத்தான். ஒரு காலை ஊன்றக்கூடியவர் உண்டு. முழுதாகத் தூக்கவேண்டியவரும் உண்டு. ஊன்றுகிறவரும் தானாகவே எழுந்துவிட்டதாக நினைக்கக்கூடாது, விழுந்துவிடுவார். தேசிகரும் லோகாசாரியரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு இப்படித்தான் விளங்கியது. தோழி இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒத்துக்கமாட்டாங்க, ஆனா கோவிச்சுக்கமாட்டாங்க" என்றாள்.

பிறகு என் வேதத்துக்குத் திரும்பினேன். பெரியவரின் கேள்விக்குப் பதில் தேடும்போது லூக்கா இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் போய் நின்றேன். சிலுவையில் தொங்கும் கள்ளனின் கதை. புனித வெள்ளிக்கிழமைதோறும் கேட்டதுதான். கடைசி நிமிடத்தில் மனந்திரும்பினான், நீயும் மனந்திரும்பு என்றே அதற்குப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அவன் என்ன கேட்கிறான் என்று பார்த்தேன். உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்கிறான். நான் உம்மை நினைப்பேன் என்று அவன் சொல்லவில்லை. கையும் காலும் ஆணியில் இருக்கிறவனுக்குச் செய்ய வேறொன்றுமில்லை.

எங்கள் சபையில் நினைவு என்றால் நற்கருணை. தம்மை நினைவுகூரும்படி இயேசு சொன்னதை நாங்கள் செய்கிறோம். நினைப்பது எங்கள் வேலை. ஆச்சி அந்த வேலையைச் செய்ய முடியாமல் போனாள். ஆனால் நினைப்பவர் அவர், நினைக்கப்படுபவள் ஆச்சி என்ற வரிசையும் என் வேதத்திலேயே இருந்திருக்கிறது. தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயாவின் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தில் கடவுள் சொல்வதும் அதுதான். பல வருடம் நர்ஸாக இருந்து பிறகு இறையியலாளரான ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்விண்டன், மறதி நோயாளிகளைப் பற்றி 2012இல் எழுதிய நூலில், நாம் கடவுளின் நினைவில் வாழ்கிறோம் என்ற இந்த எண்ணத்தையே மையமாக வைத்திருக்கிறார். அவரைப் படிக்கும்போது எனக்கு அது புதிதாக இல்லை. வார்டில் ஒரு ஐயங்கார் பெரியவர் முன்பே சொல்லிவிட்டார்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் துலக்கமாகத் தெரிகிறது. வராகப் பெருமாளின் வாக்கு, நலமாக இருந்த காலத்தில் நினைத்தவனுக்கு. கடைசி நேரம் வெறுமையாக இருந்தாலும் முன்பு நினைத்தது போதும். கள்ளனுக்கு முன்பு ஒன்றுமில்லை. வாழ்க்கை முழுவதும் வெறுமை, கடைசி நேரத்து ஒரு சொல் மட்டும் இருக்கிறது. சாகும்போது மகனைக் கூப்பிடுவதாக நாராயணன் பெயரைச் சொல்லித் தப்பித்த அஜாமிளன் கதையைத் தோழி எடுத்துக்காட்டினாள். அது கள்ளனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் இன்னொரு வித்தியாசத்தை என்னால் தாண்ட முடியவில்லை. பூமியைக் கொம்பில் தூக்கிய வல்லமையோடு வராகப் பெருமாள் வாக்குத் தருகிறார். லூக்காவில் வாக்குத் தருபவர் கள்ளனின் பக்கத்தில் அதே சிலுவையில் செத்துக்கொண்டிருக்கிறார். நினைப்பேன் என்பவரும் மூச்சுக்குத் திணறுகிறார். என் விசுவாசம் நிற்கும் இடம் அது. தோழிக்கு அது ஏற்கமுடியாதது; சாகிற கடவுள் எப்படிக் கூட்டிப்போவான் என்கிறாள். மறுபிறவி பற்றி நான் கேட்பவற்றுக்கு அவளும் என்னைச் சம்மதிக்கவைக்க முடிந்ததில்லை. அடுத்த ஞாயிறும் உட்காருகிறோம்.

கேள்வி நேரத்தில் வந்த கடினமான கேள்வி, இது மதமாற்றத்துக்கு இன்னொரு வழியா என்பது. தோழியும் முதல் நாளே சொன்னாள்: "நாங்க பைபிள் படிச்சா நீங்க சந்தோஷப்படுவீங்க. நீங்க பிரபந்தம் படிச்சா எங்களுக்குப் பயமா இருக்கு." அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. மிஷனரிகளில் பலர் நம் நூல்களைப் பிரியத்தோடும் உழைப்போடும் படித்தார்கள். அதே சமயம் மாற்றுவதற்காகவும் படித்தார்கள். எங்கள் ஜில்லாவில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறிய தமிழில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அவர் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனவர். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நான் பேசும் படிப்பு வேறு. போனவர் திரும்பிவருகிறார், விருந்து கொடுத்தவர் தன் வீட்டிலேயே இருக்கிறார். என் படிப்பால் தோழி மாறவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எழுந்தால் அன்றே நிறுத்திவிடவேண்டும் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்துக் கேள்வி எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. "நம்மள உள்ளயே விடாத கோயிலோட புஸ்தகத்தையா படிக்க?" என்று சித்தப்பா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939இல்தான் வந்தது. என் கொள்ளுப்பாட்டி காலத்தில் எங்கள் சாதிக்காரர்கள் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. நான் ஆழ்வார்திருநகரியில் இறங்காமல் போனதற்கு வேதாகமம் மட்டும் காரணமில்லை. இதை மறந்துவிட்டு நம்மாழ்வாரைப் படித்தால் அது பொய்யான படிப்பு. ஆனால் அந்த மரபைப் படித்ததால்தான், அதற்குள்ளேயே இதை எதிர்த்த குரல் இருந்ததும் தெரிந்தது. நம்மாழ்வார் வேளாளர். அடியவர்களின் பிறப்பை ஆராய்வது பெரிய பாவம் என்று ஸ்ரீவசன பூஷணம் வாதிடுகிறது. நூல் சொன்னதும் கோயில் வாசலில் நடந்ததும் வேறுவேறு. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, நம் சபைகளில் சாதி பார்த்துப் பெண் எடுப்பதையும் சொன்னேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களை உண்மையாகவே வருத்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை வேறொரு மரபு கேட்டிருக்கும். அந்த மரபில் வாழும் ஒருவரைத் தேடுங்கள். புத்தகம் மட்டும் போதாது. ஒரு பக்கத்தை ஒரு மாதம் படியுங்கள்.

பெரியவர் எங்கள் வார்டிலிருந்து முதியோர் இல்லத்துக்குப் போனார். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. அவர் கேட்டதற்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. பதிலை அம்மாவிடம் சொன்னேன், போனில். கள்ளன், ஏசாயா, வராகப் பெருமாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஐயருக்காக நீ ஜெபம் பண்ணியா?" என்று கேட்டாள். ஐயர் இல்லம்மா, ஐயங்கார் என்றேன்.

போன விடுமுறையில் ஆழ்வார்திருநகரியில் இறங்கினேன்.